சென்னையில் டூயல் ஸ்போர்ட் பைக்: மாற்றங்களும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்தில் ஆறு நாள் வேளச்சேரி நெரிசலிலும் ஓஎம்ஆர் சிக்னலிலும் நிற்கிற வண்டி, ஏழாவது நாள் ஜவ்வாது மலையில் சரளை ஏற வேண்டும். அப்படி ஒரு வண்டியைக் கையைக் கடிக்காத செலவில் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 200 4வி வண்டிகளில் இருந்து. மற்ற வண்டிகளுக்கும் வேலை ஒன்றுதான்; அளவுகள் மட்டும் மாறும், அதற்கு உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

டூயல் ஸ்போர்ட் என்று எதைச் சொல்கிறோம்?

தார் ரோட்டிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குல ஸ்போக் வீல், நீளமாக இறங்கி ஏறும் சஸ்பென்ஷன், உயர்ந்த சைலன்சர். 2019-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200-ல் முன் சஸ்பென்ஷன் 190 மி.மீ., பின் 170 மி.மீ. நகரும், தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி. எஞ்சின் 199.6 சிசி. 2021-ல் நான்கு வால்வு வந்தது. சாதாரண 150 சிசி வண்டிக்குப் பட்டன் டயர் (தனித்தனி ரப்பர் கட்டைகள் துருத்தி நிற்கும் மண் டயர்) போட்டுவிட்டால் அது டூயல் ஸ்போர்ட் ஆகிவிடாது. சஸ்பென்ஷன் நகரும் தூரம்தான் வித்தியாசம்.

புது வண்டி எடுத்தாச்சு. முதலில் என்ன மாட்டலாம்?

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு எதையும் மாட்டாதீர்கள். இருப்பதை உங்கள் உடம்புக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். காசு செலவில்லை, ஒரு மணி நேரம் போதும்.

கிளட்ச், பிரேக் லிவர்களைச் சற்றுக் கீழே திருப்புங்கள். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று ஓட்டும்போது மணிக்கட்டு மடங்காமல் விரல் லிவரில் விழ வேண்டும். லிவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டை முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம். கையால் ஓங்கித் தட்டினால் லேசாகத் திரும்பும் அளவு போதும். வண்டி கீழே விழும்போது லிவர் திரும்பிக்கொள்ளும், உடையாது. மண்ணில் ஓட்டுகிறவருக்கு இந்த ஒரு பழக்கம் வருடத்துக்கு இரண்டு லிவர் மிச்சம் பண்ணும்.

அப்புறம் ஸ்போக்கைத் தட்டிப் பாருங்கள், சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கு வையுங்கள். இரண்டும் கீழே விவரமாக இருக்கிறது. அதற்குப் பிறகும் காசு இருந்தால் வரிசை இதுதான்: டயர், உலோகத் தண்டு வைத்த ஹேண்ட் கார்டு, சம்ப் கார்டு (எஞ்சின் அடியில் கல் படாமல் காக்கும் தகடு). பெட்டி, கூடுதல் விளக்கு எல்லாம் கடைசி. ஏறும் ஒவ்வொரு கிலோவும் மண்ணில் நீங்கள் தூக்கி நிறுத்த வேண்டிய கிலோ.

சஸ்பென்ஷனை எடைக்குத் தகுந்தபடி வைப்பது எப்படி?

வண்டியின் குணம் அடியோடு மாறும் வேலை இது. ஆனால் பெரும்பாலானவர்கள் கையே வைப்பதில்லை. தேவை ஒரு டேப், ஒரு ஹூக் ஸ்பேனர், உதவிக்கு ஒருவர்.

பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்படி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆக்ஸில் நட்டின் நடுவில் இருந்து அதற்கு நேர் மேலே பாடியில் ஒரு புள்ளி வைத்து (ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம்) தூரத்தை அளந்து எழுதுங்கள். அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, ஹெல்மெட், ஷூ, பை என்று வழக்கமாகப் போகும் கோலத்திலேயே உட்காருங்கள். உதவியாளர் முன்னால் பிடித்துக்கொள்ள, இரண்டு முறை அமுங்கி எழுந்து, காலை ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். அதே இரண்டு புள்ளிகளை மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் உட்கார்ந்ததும் வண்டி இறங்கும் அளவு.

மொத்த நகர்வில் சுமார் 30 சதவீதம் இறங்க வேண்டும். 170 மி.மீ. நகரும் பின் ஷாக் என்றால் 50 மி.மீ. சுற்றளவில் வந்தால் சரி. 65, 70 இறங்கினால் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோட் வளையத்தை இறுக்குங்கள். 35-தான் இறங்குகிறது என்றால் தளர்த்துங்கள். எக்ஸ்பல்ஸில் பத்துப் படிகள் இருக்கின்றன. கடைசிப் படி வரை இறுக்கியும் 60-க்கு மேலேயே நிற்கிறதென்றால் உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மென்மை. வேறு ஸ்பிரிங்தான் வழி. மேலும் இறுக்க முயல்வதில் பயனில்லை.

தினமும் டபுள்ஸ் போகிறவர்கள் இருவர் எடைக்கு அளந்து, அந்தப் படி எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதிகம் அமுங்கிய வண்டிக்கு முன்சக்கரம் லேசாகிவிடும். வளைவில் வெளியே இழுக்கும், ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும்.

ராலி கிட் போட்டு உயர்த்தலாமா?

முன் 250, பின் 220 மி.மீ. நகரும் சஸ்பென்ஷனோடு ஹீரோவே கிட் கொடுத்தது. பிறகு 4வி ப்ரோ என்று ஷோரூமிலிருந்தே அப்படி வந்தது, சீட் உயரம் 891 மி.மீ. சாதாரண எக்ஸ்பல்ஸில் அது 825 மி.மீ. வாக்கில். சிக்னலில் இரண்டு கால் விரல்களாவது ஊன்ற முடியாதவருக்குச் சென்னை நெரிசலில் அந்த உயரம் தினசரி வேதனை. வாரம் தவறாமல் மண்ணில் குதிக்கிறவருக்கு மட்டும் அது லாபம். சஸ்பென்ஷனை மாற்றாமல் டிரிபிள் கிளாம்பில் (ஃபோர்க்கின் மேல்பக்கத்தைப் பிடித்திருக்கும் பாகம்) ஃபோர்க்கை நகர்த்தி, அல்லது பின்னால் பட்டை வைத்து உயர்த்தும் குறுக்குவழிகள் வேண்டாம். ஸ்டீரிங் கோணம் மாறி, வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும்.

எந்த டயர் போடுவது?

நீங்கள் உண்மையில் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதை ஒரு மாதம் கணக்குப் பாருங்கள். நூறு கிலோமீட்டரில் தொண்ணூறு தார் ரோடு என்றால் பட்டன் டயர் வேண்டாம். ஈரமான தாரிலும், மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகட்டிலும், ஈர சிமெண்ட் ரோட்டிலும் உயரமான பட்டன்கள் வழுக்கும். ரப்பர் தரையில் படும் பரப்பு குறைவு, பட்டன் வேறு வளையும். மழைக்காலச் சென்னையில் இது சின்ன விஷயம் இல்லை.

தாருக்கும் மண்ணுக்கும் பாதிக்குப் பாதி வகை டயர் பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஒன்றுதான் மாற்ற முடியும் என்றால் முன் டயரை மாற்றுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி ஆடும், சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுந்துவிட்டுத்தான் தெரியும்.

எக்ஸ்பல்ஸுக்கு முன் 90/90-21, பின் 120/80-18. பின்னால் அகலமாகப் போட்டால் அழகு என்று 130 போடுவார்கள். ரிம் அதே அகலம்தானே, டயர் வட்டமாகத் திரண்டு ஓரம் பிடிப்பு இழக்கும், சில வண்டிகளில் செயினிலும் உரசும். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 1425 என்றால் 2025-ன் பதினான்காவது வாரம் செய்தது.

காற்று எவ்வளவு?

தார் ரோட்டுக்குக் கையேட்டில் இருப்பது. மண், சரளைக்கு இறங்கும்போது முன் 18–20, பின் 20–22 பிஎஸ்ஐ. டியூப் டயரில் அதற்குக் கீழே போகாதீர்கள். கல்லில் மோதும்போது டயர் ரிம் வரை அமுங்கி, நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்த மாதிரி ஜோடி ஓட்டை இருந்தால் காரணம் ஆணி இல்லை, காற்றுக் குறைவு. திரும்பத் தார் ரோடு ஏறியதும் காற்றைக் கூட்டுங்கள். கைப்பம்பு இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். பெட்ரோல் பங்கில் உள்ள மீட்டரை நம்ப வேண்டாம், பென்சில் மாதிரிக் கையடக்க கேஜ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்போக் ரிம்மை டியூப்லெஸ் ஆக்கித் தருகிறார்களே, செய்யலாமா?

எங்கள் பதில்: வேண்டாம். உள்ளே டேப், சீலன்ட் வைத்து ஸ்போக் ஓட்டைகளை அடைக்கிறார்கள். அது கசியாமலே இருந்தாலும், டியூப் டயருக்கான ரிம்மில் டயரின் ஓரம் நழுவி உள்ளே விழாமல் தடுக்கும் மேடு கிடையாது. காற்று குறைந்து வளைவில் சாயும்போது டயர் ரிம்மைவிட்டு இறங்கினால் மொத்தக் காற்றும் ஒரே நொடியில் போய்விடும். ஸ்போக்கை இறுக்கும்போதெல்லாம் சீல் கிழியும் என்பது வேறு.

நடுவழியில் பஞ்சர் என்றால் நாமே போட முடியுமா?

முடியும். வீட்டு வாசலில் ஒரு முறை பழகுங்கள். இருட்டில் மலை ரோட்டில் முதல் முறை செய்யக் கூடாது.

ஆணி தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். முதலில் அந்த இடத்தில் டயரில் சாக்பீஸால் கோடு போடுங்கள், டியூபில் ஓட்டை தேடும் நேரம் மிச்சம். பின்சக்கரம் என்றால் செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று மொபைலில் படம் எடுத்துவிட்டு ஆக்ஸிலைக் கழற்றுங்கள்.

வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். டயர் ஓரத்தைக் குதிகாலால் மிதித்து ரிம்மிலிருந்து விடுவியுங்கள். அசையவில்லை என்றால் இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் வைத்து, அந்த வண்டியை மெல்லச் சாய்த்தால் இறங்கிவிடும். டயர் லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், டயர் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் முட்டியால் அமுக்கி வையுங்கள். சூட்சுமம் இது ஒன்றுதான். ஓரம் பள்ளத்தில் உட்கார்ந்தால் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும், லிவர் லேசாகத் தூக்கும். பலத்தால் தூக்க வேண்டியிருந்தால் பள்ளத்தில் உட்காரவில்லை என்று பொருள். தொடர்ந்தால் டியூபைத்தான் கிள்ளுவீர்கள்.

டியூபை எடுத்ததும் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றிலும் தடவுங்கள். வெறும் விரல் வேண்டாம், உடைந்த முள்ளோ கம்பியோ குத்தும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே எதிரி இருக்கிறான். ஓட்டையைச் சுற்றி ஒட்டுத்துண்டைவிடப் பெரிதாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயும் வரை ஐந்து நிமிடம் பொறுங்கள். ஈரத்தோடு ஒட்டியது நூறு கிலோமீட்டரில் பெயரும். ஒட்டி, லிவர் முனையால் தேய்த்து அழுத்தி, முகப் பவுடர் தூவுங்கள்.

திருப்பி மாட்டும்போது டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவு மட்டும் காற்று இருக்கட்டும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து, வால்வு பக்கத்தில் முடியுங்கள். கடைசி லிவருக்கு முன் வால்வை உள்ளே தள்ளி டியூப் சிக்கவில்லை என்று பாருங்கள். காற்று அடித்ததும், டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடியுங்கள்.

கடைசியாக ஒன்று. வால்வின் அடியில் உள்ள நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள். மேலே ஏற்றி வால்வு மூடியோடு சேர்த்துவிடுங்கள். காற்றுக் குறைவாக ஓட்டும்போது டயர் ரிம்மில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், டியூபையும் இழுக்கும். நட்டு தளர்வாக இருந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும், இறக்கிச் சரிசெய்யலாம். இறுக்கியிருந்தால் வால்வு அடியோடு பிய்யும். அந்த டியூப் குப்பைக்குத்தான்.

டியூப் ஒன்றுதான் எடுத்துப்போக இடம் இருக்கிறதென்றால் 21 அங்குல முன் டியூபை எடுங்கள். அவசரத்துக்கு அது 18 அங்குலப் பின் டயரிலும் உட்காரும்.

ஸ்போக் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

காது போதும். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமானது 'டிங்' என்று ஒலிக்கும், தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் தரும். தளர்ந்ததை ஸ்போக் சாவியால் கால் சுற்று மட்டும் திருப்பி மறுபடி தட்டுங்கள். ஒரே ஸ்போக்கை ஒன்றிரண்டு சுற்று இழுத்தால் ரிம் அந்தப் பக்கம் கோணும். புது வண்டிக்கு முதல் 500 கிலோமீட்டரில் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு மண் பயணத்துக்குப் பின்னும் தட்டுங்கள். ஏழெட்டு ஸ்போக் ஒரே இடத்தில் தளர்ந்திருந்தால் ரிம் அடிபட்டிருக்கிறது. அதைப் பெண்டு எடுப்பவரிடம் விடுங்கள்.

செயின் பராமரிப்பு?

500 கிலோமீட்டருக்கு ஒரு முறை. மழை, மண், கடற்கரைப் பக்கம் என்றால் அன்று இரவே. மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, கால் மணி நேரம் காயவிட்டு, 90 கிரேடு கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் ரப்பர் கெட்டுவிடும். கம்பி பிரஷ்ஷும் அப்படியே. சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, ஓடும் செயினில் துணி வைத்துத் துடைப்பவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். விரல் போவது இப்படித்தான்.

தளர்வு விஷயத்தில் டூயல் ஸ்போர்ட் வண்டிக்கென்று ஒரு குணம் உண்டு. பின்சக்கரம் மேலே ஏறும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) பிவட், ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில் செயின் முழு இழுவையில் இருக்கும். நகரும் தூரம் அதிகம் என்பதால் சைடு ஸ்டாண்டில் பார்க்கும்போது செயின் தொளதொளவென்று தெரிவதுதான் சரி. கம்யூட்டர் வண்டிக்குப் பழகிய மெக்கானிக் அதை '20 மி.மீ.' என்று இறுக்கிவிடுவார். குழியில் இறங்கும்போது செயினுக்கு இடம் இல்லாமல், கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கையும் ஆயில் சீலையும் இழுத்துக் கெடுக்கும். முன் ஸ்ப்ராக்கெட் அருகே ஆயில் கசிவு கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மலையில் இழுக்கவில்லை. ஸ்ப்ராக்கெட் மாற்றலாமா?

மாற்றலாம், இந்த விலை வண்டிக்கு நல்ல மாற்றம் அது. முன் ஸ்ப்ராக்கெட்டில் 13 பல் இருந்தால் 12 போடுங்கள். சுமார் 8 சதவீதம் இழுவை கூடும், டாப் ஸ்பீடு அதே அளவு குறையும். செங்கல்பட்டு தாண்டி ஹைவேயில் 90-ல் போகும்போது எஞ்சின் அலறுவதாகத் தோன்றும், மைலேஜும் இறங்கும். சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் அதிகம் மடங்குவதால் தேய்மானமும், ஸ்விங் ஆர்மின் மேல் உள்ள ரப்பர் பட்டையில் உரசலும் கூடும். பட்டையை மாதம் ஒரு முறை பாருங்கள். அதே பலன் பின்னால் மூன்று பல் கூட்டினாலும் கிடைக்கும், செயினுக்கும் அது நல்லது. ஆனால் செயின் நீளம் போதாமல் போகலாம்.

ஏர் ஃபில்டரை ஊதிப் போட்டால் போதாதா?

பேப்பர் ஃபில்டரில் ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் அது ஊதுவதற்கு இல்லை, மாற்றுவதற்கு. கம்ப்ரசரில் ஊதினால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். செம்மண் தூசி அதன் வழியே போய் பிஸ்டனையும் ரிங்கையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஃபோம் ஃபில்டர் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிழியாமல் அமுக்கி நிழலில் உலர்த்தி, ஃபில்டர் ஆயில் தடவுங்கள். குழுவாகப் போகும்போது முன்வண்டியின் தூசியைத் தின்றுகொண்டே போனால் ஒரே நாளில் ஃபில்டர் நிறைந்துவிடும். தூரம் விட்டுப் போங்கள்.

எஞ்சின் ஆயில்?

கையேட்டில் உள்ள கிரேடு, டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்ற தரக் குறி) என்று இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். சென்னை வெயிலில் முதல் கியரிலேயே ஊர்ந்தபடி ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, ஓடிய மணிநேரமும் கணக்கு. குறிப்பிட்ட இடைவெளியில் முக்கால் பங்கிலேயே மாற்றிவிடுங்கள்.

டேப்பெட் சத்தம் கேட்கவில்லை, அப்புறம் ஏன் பார்க்க வேண்டும்?

டேப்பெட் என்பது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி. தளர்ந்த டேப்பெட்தான் சத்தம் போடும். இறுகியது அமைதியாக இருந்தபடி வால்வை எரிக்கும். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, சூடானபின் நிறுத்தி எடுத்தால் முரண்டு பிடிக்கிறது, ஐடிலில் அணைகிறது என்றால் இறுக்கமாக இருக்கலாம். எஞ்சின் முழுக்க ஆறியபின், இரவு நிறுத்திய வண்டியைக் காலையில்தான் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். சூட்டோடு பார்த்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

சைலன்சர் மாற்றினால் பிக்கப் கூடுமா?

கூடுவது சத்தம். பிஎஸ்6 வண்டியில் சைலன்சர் பாதையில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் இருக்கின்றன. வெறும் குழாயை மாட்டினால் எரிபொருள் அளவு குழம்பி, கீழ் வேகத்தில் இழுவை குறைவதுதான் வழக்கம். மலையில் உங்களுக்கு வேண்டியது அந்தக் கீழ் வேக இழுவை.

சட்டமும் தெளிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. சத்தத்துக்கும் புகைக்கும் 190-ஆம் பிரிவு தனி. பின்சக்கரத்தின் சாரி கார்டைக் கழற்றுவதும் விதிமீறல்தான். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் பாதி சக்கரமாவது மூடியிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123.

பிரேக் ஆயிலை ஏன் மாற்றச் சொல்கிறார்கள்? குறையவே இல்லையே.

அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு அந்த எல்லை 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகி, லிவர் ஹேண்டில் வரை வெறுமனே அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்றுங்கள், மூடியில் எழுதியிருக்கும் டாட் எண்ணையே ஊற்றுங்கள், இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் பிடியுங்கள்.

கூடுதல் விளக்கு மாட்டினால் பேட்டரி இறங்குமா?

20 வாட் எல்இடி இரண்டு என்றால் 40 வாட். 12 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர். இதைத் தாங்கும். பேட்டரியைக் கொல்வது வயரிங்தான். பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்று எண் போட்ட முனை, 87-லிருந்து விளக்கு, 86-க்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயர் ஸ்விட்ச் வழியாக, 85 எர்த். ஹெட்லைட் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். முதல் மழையில் ஃபியூஸ் போகும், கெட்ட நேரம் என்றால் வயர் எரியும். விளக்கைத் தாழ்த்தி வையுங்கள், நகருக்குள் அணைத்து வையுங்கள்.

பேட்டரியில் சந்தேகம் என்றால் மல்டிமீட்டர் வையுங்கள். இரவு நின்றபின் 12.6 வோல்ட் வாக்கில், எஞ்சின் ஓடி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது 14 வோல்ட் வாக்கில் இருக்க வேண்டும்.

வெள்ளத்தில் ஓட்டலாமா? நின்றுவிட்டால் என்ன செய்வது?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த நகரம் பார்த்ததை மறக்க வேண்டாம். சைலன்சர் உயரமாக இருப்பதால் எதிலும் இறங்கலாம் என்று தோன்றும். எஞ்சின் காற்று உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது என்று சீட்டைக் கழற்றிப் பார்த்து வையுங்கள், எல்லை அதுதான். ஆக்ஸில் உயரத்தைத் தாண்டிய தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, தண்ணீருக்கடியில் திறந்து கிடக்கும் மழைநீர் வடிகால். தெரியாத தெருவில் இறங்கவே வேண்டாம்.

தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால், அல்லது நிறுத்தி வைத்த வண்டி மூழ்கிவிட்டால், ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் படம் எடுத்து இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லுங்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை முடுக்கிக் கெடுத்தால், எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இல்லாதவருக்கு அந்தச் செலவைப் பொதுவாகத் தர மாட்டார்கள்.

பிறகு வரிசையாக: பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துப் பெட்டியைத் துடையுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளக் துளை வழியே தண்ணீர் பீய்ச்சும். நிற்கும் வரை சுற்றுங்கள். ஆயிலை இறக்குங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மலிவான புது ஆயில் ஊற்றி, வண்டி ஸ்டார்ட் ஆனபின் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு இறக்குங்கள், நிறம் தெளியும் வரை இரண்டு மூன்று முறை. பெட்ரோல் டேங்கிலும் புகுந்திருந்தால் முழுக்க வடியுங்கள். வயர் கனெக்டர்களைப் பிரித்து கான்டாக்ட் கிளீனர் அடித்து உலர்த்துங்கள். வண்டி ஓட ஆரம்பித்துவிட்டதே என்று விட்டுவிடாமல், இரண்டு சக்கர பேரிங், கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), ஸ்விங் ஆர்ம் புஷ் எல்லாவற்றையும் அந்த மாதத்துக்குள் கழற்றி கிரீஸ் போடுங்கள். சாக்கடைத் தண்ணீர் உள்ளே இருந்தால் மூன்று மாதத்தில் பேரிங் கடகடக்கும்.

கடற்கரைப் பக்கம் வீடு. துரு தாங்க முடியவில்லை.

திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர் பக்கம் நிற்கும் வண்டிக்கு வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே முக்கால் வைத்தியம். ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் உப்புப் புள்ளி விழுந்தால் அது ஆயில் சீலை அறுக்கும். ரப்பர் உறை இருந்தாலும் மாதம் ஒரு முறை தூக்கித் துடைத்து, துளி ஆயில் தடவுங்கள். பேட்டரி முனைகளுக்கு வாசலின். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் கிரீஸ் தடவி மாட்டுங்கள். மூடி போட்ட கவர் நனைந்திருந்தால் அது துருவைக் காக்கும், வண்டியை அல்ல.

கடற்கரை மணலில் ஓட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஜனவரியிலிருந்து இந்தக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. டயர் தடத்துக்கு அடியில் ஒரு கூடு இருந்தால் நூறு உயிர் போச்சு.

வாட்டர் சர்வீஸ் கடையில் விடலாமா?

விடலாம், பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். சக்கர நடு, கோன்செட், செயின், மீட்டர், சைலன்சர் வாய் இவற்றில் நேராக அடிக்கக் கூடாது. சீலைத் தாண்டிப் போன தண்ணீர் கிரீஸைக் கழுவிவிடும். சம்ப் கார்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அடைந்திருக்கும் மண்ணை எடுக்கச் சொல்லுங்கள். அது எஞ்சின் சூட்டை அடைத்து வைக்கிறது.

புதுப்பேட்டையில் பழைய பார்ட் வாங்கலாமா?

பேனல், ஃபுட்ரெஸ்ட், கேரியர், ஹேண்டில் ஸ்விட்ச், லிவர் எல்லாம் வாங்கலாம். பில் கேளுங்கள். ஃபோர்க் குழாய் என்றால் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வளைந்தது தத்தித் தத்தி உருளும். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

பேரிங், ஆயில் சீல், செயின் போன்ற புதுச் சாமான்களுக்கு ஜி.பி. ரோடு. பேரிங்கைக் கம்பெனி பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம், பக்கவாட்டில் பொறித்த எண்ணைச் சொல்லுங்கள். 6202 என்றால் எந்தக் கம்பெனி செய்தாலும் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருப்பதை வாங்குங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, மண்ணும் தண்ணீரும் எளிதில் போகாது.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். படுத்துக்கொண்டு சம்ப் கார்டையும் அதன் பின்னால் சேஸிஸ் குழாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோன்செட்டுக்குக் கீழே, சேஸிஸ் இணையும் இடத்தில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருந்தால் வாங்கவே வேண்டாம். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன்செட் போயிருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஸ்விங் ஆர்ம் புஷ் தெரிந்துவிடும். இரண்டு ரிம்மையும் சுற்றிப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காலையில் எடுக்கச் சிரமப்படும் வண்டி அது. சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு நீங்களே ஒப்பிடுங்கள்.

பயணத்துக்குப் போகும்போது பையில் என்ன இருக்க வேண்டும்?

இரண்டு ஆக்ஸிலுக்கும் பொருந்தும் ஸ்பேனர், மூன்று டயர் லிவர், 21 அங்குல டியூப், பஞ்சர் கிட், கைப்பம்பு, கேஜ். ஆலன் கீ செட், 8, 10, 12 டீ ஸ்பேனர். ஃபியூஸ் இரண்டு, செயின் லாக் ஒன்று, கிளட்ச் கேபிள் ஒன்று. கேபிளைப் பையில் வைப்பதைவிடப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டி, இரண்டு முனையையும் டேப் சுற்றிக் கட்டி வைத்தால் அறுந்த இடத்தில் ஐந்து நிமிட வேலை. கட்டுக்கம்பி ஒரு முழம், கேபிள் டை பத்து, உடைந்த எஞ்சின் கவரை ஒட்ட இரண்டு குழாய் எபாக்சி. கிளம்பும் முன் இவற்றை மட்டும் வைத்து இரண்டு சக்கரத்தையும் ஒரு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். எது விட்டுப்போனது என்று வாசலிலேயே தெரிந்துவிடும்.